வியாழக்கிழமை நாய்கள்

வாட்டிலின் மெத்தையை ஏற்றியாயிற்று. சாப்பாட்டுக் கிண்ணத்தையும், கடிபட்டுக் கடிபட்டு ஒரு காது மட்டும் மிஞ்சியிருந்த துணிக் கங்காருவையும் ஏற்றியாயிற்று. வாட்டில்தான் ஏறவில்லை. நரெலின் வண்டிக் கதவருகே உட்கார்ந்து, வாயில் டெஸ்ஸின் பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்றைக் கவ்வியபடி லிண்டலையே பார்த்துக்கொண்டிருந்தது.

யார் வந்தாலும் போனாலும் எதையாவது கவ்விக் கொண்டுவந்து கொடுப்பது அதன் வழக்கம். அதன் அம்மா கோல்டன் ரிட்ரீவர் நாய். இந்தப் பழக்கம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா பூடில், சுருள்சுருளான கம்பளி முடியும், எதையும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துச் செய்யும் குணமும் அந்தப் பக்கத்துச் சொத்து. இரண்டும் கலந்த இந்த வகைக்கு குரூடுல் என்று பெயர். குட்டியாக இருந்தபோது அச்சாக வாட்டில் மரத்துப் பூவின் மஞ்சள்; பெயரும் அதிலிருந்துதான். இப்போது முப்பது கிலோ எடையும் வைக்கோல் நிறமுமாக நின்றது.

"மூஞ்சிய அப்படி வெக்காத, லிண்டல்," என்றாள் நரெல். "போருக்கா அனுப்புற? என் வீட்டு சோபாவுக்கு அனுப்புற. பத்து நாள்."

நரெலுக்கு அறுபது வயது. நாய்களுக்கு முடி வெட்டிச் சீவிவிடும் லிண்டலின் கடையில் அவற்றைக் குளிப்பாட்டுவது அவள்தான். சொன்னபடியே வாட்டிலின் பின்பக்கத்தைத் தோளால் முட்டி வண்டிக்குள் தள்ளினாள். சாக்ஸோடு அது உள்ளே போயிற்று.

சமையலறை ஜன்னலில் டெஸ்ஸின் முகம் தெரிந்தது. வெளியே வரக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தான். எட்டு வயதுப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தபின் லிண்டல் உள்ளே வந்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னாலதான்னு அதுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று லிண்டல் சொன்னாள். நாய்களுக்கு அப்படியெல்லாம் தெரியாது என்றாள். பன்னிரண்டு வருடம் நாய்களோடு வேலை பார்த்தவளுக்கு அது அவ்வளவு நிச்சயமில்லை.

லிண்டலையும் டெஸ்ஸின் அப்பா பிரென்டனையும் சேர்த்து வைத்ததே ஒரு நாய்தான். பிரென்டன் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் ஓட்டுகிறவன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், ஒரு பண்ணை வாசலில் சேறும் சகதியுமாக நின்ற ஷ்னூடுல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாரகுல் கடைத்தெருவிலிருக்கும் அவள் கடைக்கு வந்தான். ஷ்னாசரும் பூடிலும் கலந்த அந்த வகையை அனுமதி கேட்காமல் யாரும் தொடக்கூடாது. அது அவன் கட்டைவிரலைப் பதம் பார்த்திருந்தது. லிண்டல் முதலில் நாயைக் கழுவினாள், அப்புறம் விரலைக் கழுவினாள். இந்த வரிசை சரிதானா என்று அவன் கேட்டான். நாய்தான் முதலில் உள்ளே வந்தது என்று அவள் சொன்னாள். அங்கே ஆரம்பித்தது.

மனைவி பிரிந்து பெர்த்துக்குப் போய் நான்கு வருடமாகிறது. அவனும் டெஸ்ஸும் மட்டும் இருந்த வீட்டுக்கு ஜூலை மாதக் குளிர்கால விடுமுறையில் லிண்டலும் வாட்டிலும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் லிண்டல் தன் பழைய வாடகை வீட்டை விடவில்லை. ஆகஸ்ட் முடிவுவரை பார்ப்போம், சரிப்பட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வீட்டுத் தரகரிடம் பதில் சொல்ல வேண்டும்.

சரிப்படுவதற்கு இடையில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. டெஸ்ஸுக்கு ஆஸ்துமா. ஐந்து வயதில் ஒரு நவம்பர் மாதப் புயலில் புல் மகரந்தம் காற்றெல்லாம் பறந்த அன்று, ஆம்புலன்ஸில் அவள் உதடு நீலமானதை பிரென்டன் பார்த்திருக்கிறான். அதைப் பற்றி அவன் பேசவே மாட்டான். குளிர்காலத்தில் மட்டும் நிம்மதியாக இருப்பான். இந்தக் குளிர்காலத்தில் அதுவும் போயிற்று. லிண்டல் குடிவந்த இரண்டாவது வாரத்திலேயே டெஸ்ஸுக்கு இழுப்பு ஆரம்பித்துவிட்டது.

விறகுக் கணப்பை அணைத்தார்கள். கம்பளத்தைச் சுருட்டி ஷெட்டில் போட்டார்கள். வாட்டிலைப் படுக்கையறைப் பக்கமே விடவில்லை. பிறகு டாக்டர்தான் சொன்னார், நாயைப் பத்து நாள் வெளியே வைத்துப் பாருங்கள் என்று. பத்து நாளில் எதுவும் நிச்சயமாகத் தெரியாது, நாயின் தோலிலிருந்து உதிரும் செதிள் வீட்டில் மாதக்கணக்கில் கிடக்கும், இருந்தாலும் ஏதாவது துப்புக் கிடைக்கலாம் என்றார். பிரென்டன் அன்றைக்கே நீராவி இயந்திரம் வாடகைக்கு எடுத்து வந்து சுவர்வரை துடைத்தான். துடைத்து முடித்து, பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு லிண்டலைப் பார்க்காமல் சொன்னான்.

"நாய்தான்னா நாய் போகணும், லிண்டல். அதுக்கு மேல யோசிக்க எனக்குத் தெம்பு இல்ல."

நாய் போனால் நீ இரு என்றுதான் அதற்குப் பொருள். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன.

*

கடையில் யாரிடமும் சொல்ல முடியாத சங்கடம் ஒன்று அவளுக்கு இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவளிடம் வருகிறவர்கள் பாதிப் பேர், முடி உதிராது, ஒவ்வாமை வராது என்று யாரோ சொன்னதை நம்பிப் பூடில் கலப்பு நாய் வாங்கியவர்கள். அவளே ஆரம்பத்தில் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அனுபவம்தான் வேறு பாடம் சொன்னது. ஒரே ஈற்றில் பிறந்த நான்கு குட்டிகளில் ஒன்று ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும்; அதன் கூடப்பிறந்ததோ தாடி வைத்த லாப்ரடார் மாதிரி சோபாவெல்லாம் முடியைக் கொட்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் நாய் ஒன்றாக இருந்துவிடுமா?

அதனால்தான் அவள் வாரத்தையே முடியை வைத்துப் பிரித்திருந்தாள். திங்கட்கிழமை கவூடுல்கள். காவலியர் ஸ்பானியல் ரத்தம். மடியை விட்டு இறங்காது, சொந்தக்காரர் கதவைச் சாத்தியதும் உலகமே முடிந்துவிட்டது மாதிரி நடுங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காக்கர் ஸ்பானியல் கலந்த ஸ்பூடுல்களும் ஷ்னூடுல்களும். முதல் வகையின் நீளக் காதுக்குள் எப்போதும் அழுக்கும் புண்ணும் இருக்கும், கவனம் முழுவதும் அடுத்தவர் சாப்பாட்டில் இருக்கும். இரண்டாவது வகை தபால்காரரைப் பக்கத்துத் தெருவிலேயே அடையாளம் கண்டு கத்தும். புதன்கிழமை குரூடுல்களும், லாப்ரடார் கலந்த வகையில் கம்பளி முடியுள்ள லாப்ரடூடுல்களும். சீவிச் சிக்கெடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், ஆனால் வெட்டிய முடி அப்படியே கனமாகக் காலடியில் விழும், பறக்காது.

வியாழக்கிழமை நேர்முடிக்காரர்கள். பெரும்பாலும் பண்ணைகளிலிருந்து வரும் முதல் தலைமுறை லாப்ரடூடுல்கள். இவற்றை வெட்டுவதில்லை, பெரிய டிரையரால் ஊதி உதிர் முடியை வெளியேற்றுவதுதான் வேலை. மதியத்துக்குள் கடைக்குள் கறுப்பும் பழுப்புமாகப் பனி பெய்தது போலிருக்கும். சுவரைத் துடைப்பது ஒரு நாளோடு போகட்டும் என்றுதான் அத்தனையையும் ஒரே நாளில் வைத்திருந்தாள்.

அந்த வாரம் அவள் கை வேலை பார்த்ததே தவிர, மனமெல்லாம் வீட்டுக் குளிர்பெட்டி மேலிருந்த நோட்டில் இருந்தது. டெஸ் தினமும் காலையில் எழுந்ததும் ஒரு சின்னக் குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதுவாள். முள் எங்கே நிற்கிறது என்று பிரென்டன் தேதி போட்டு எழுதுவான். நல்ல நாளில் இருநூறு வரும். நூற்றைம்பதுக்குக் கீழே போனால் ஆபத்து. திங்கட்கிழமை நூற்று எண்பத்தைந்து. செவ்வாய் நூற்றுத் தொண்ணூறு. புதன் இருநூறு. வியாழக்கிழமை காலை இருநூற்றைந்து. பிரென்டன் அந்த எண்ணை இரண்டு முறை அழுத்தி எழுதினான். பிறகு லிண்டலின் தோளைத் தொட்டான். அது ஆறுதல். நாயை இழக்கப் போகிறவளுக்குச் சொல்லும் ஆறுதல்.

சேல் ஊரில் நரெலின் தங்கை இருக்கிறாள், பெரிய தோட்டம், வாட்டிலை வைத்துக்கொள்ளத் தயார் என்று தகவல் வந்திருந்தது. ஒன்றேகால் மணி நேர தூரம்தான், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று நரெல் சொன்னாள். லிண்டல் தலையாட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள்.

*

அந்த வியாழக்கிழமை பதினோரு நாய்கள். கடைசியாக டிக்கர். கறுப்பு லாப்ரடூடுல், ஒரு பால் பண்ணையின் பிள்ளை. உற்சாகத்தைத் தவிர வேறெதுவும் அறியாதது. மேஜை மேல் ஏற்றியதும் முன்னங்காலைத் தூக்கி அவள் தோளில் போட்டு ஆடத் தொடங்கிவிடும். "இவன்கிட்ட பூடில் எங்கடி இருக்கு? பேர்ல மட்டும்தான் இருக்கு," என்று நரெல் வழக்கமான கேலியைச் செய்தாள். ஊதி முடித்தபோது மணி ஐந்தரை. லிண்டல் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஓடினாள்.

வியாழக்கிழமைகளில் பிரென்டனுக்கு மாலை நேர ஓட்டம்; நள்ளிரவுக்குமேல்தான் வருவான். டெஸ்ஸை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவந்து, சாப்பிட வைத்து, தூங்க வைப்பதுவரை லிண்டலின் பொறுப்பு. மற்ற நாட்களில் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்து நிதானமாகக் குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வருவாள். வியாழக்கிழமை அதற்கெல்லாம் நேரமிருக்காது. வழியில் மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு நேராக வீடு.

ஆனாலும் வாரத்தில் அவளுக்குப் பிடித்த நாள் அதுதான். குடிவந்த புதிதில் டெஸ் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டாள், விருந்தாளியிடம் நடப்பதுபோல. முதல் வியாழக்கிழமை, கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சின்னத் தலை தானாக வந்து அவள் பச்சைக் கம்பளி ஸ்வெட்டரில் சாய்ந்தது. இந்த ஸ்வெட்டர் கோவாலா மாதிரி மெத்தென்று இருக்கிறது என்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் அந்த ஸ்வெட்டரில் முகம் புதைத்துத்தான் கதை. குழந்தை பெறாத லிண்டலுக்கு நாற்பத்தோரு வயதில் அப்படி ஒரு பாரம் நெஞ்சில் இறங்கியது அதுதான் முதல்முறை. பக்கத்தைத் திருப்பக்கூடப் பயந்து, படித்ததையே திரும்பப் படித்திருக்கிறாள்.

இன்றும் ஏழு மணிக்குக் கதை ஆரம்பித்தது. மூன்றாவது பக்கத்தில் டெஸ் இருமினாள். ஐந்தாவது பக்கத்தில் மூச்சோடு சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம். லிண்டல் புத்தகத்தை வைத்துவிட்டு அவளை இறுக அணைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லை கண்ணு, ஒன்றுமில்லை என்று முதுகைத் தடவினாள். சத்தம் கூடியது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே குழி உள்வாங்கியது.

அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறை மேஜைக்கு ஓடி, நிமிர்த்தி உட்கார வைத்தாள். மூச்சு மருந்துள்ள நீல பம்ப், அதில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய். ஒரு அழுத்தலுக்கு நாலு மூச்சு. அப்படி நாலு அழுத்தல். பிறகு நாலு நிமிடம் காத்திருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளை அவள் அவ்வளவு வெறுத்ததில்லை. இன்னொரு கையில் கைபேசி. ஆம்புலன்ஸை அழைக்கும் மூன்று பூஜ்யத்தை அழுத்தி, பச்சைப் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்திருந்தாள். டெஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, அப்பா சொல்லிக் கொடுத்தபடி மூச்சை மெதுவாக விட்டாள். நாலு நிமிடம் ஆயிற்று. போதவில்லை. மறுபடி நாலு அழுத்தல். உதடு என்ன நிறம், உதடு என்ன நிறம் என்று லிண்டல் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டாவது நாலு நிமிடம் முடியும்போது சீழ்க்கை இறங்கியது. குழி மறைந்தது. டெஸ் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அப்புறம், பேச்சு வந்ததும், முதல் வேலையாகக் கேட்டாள்.

"வாட்டில் வீட்ல இல்லையே, லிண்டல். அப்ப ஏன்?"

*

பிரென்டனுக்குப் போனில் சொன்னபோது அவனிடம் பதில் தயாராக இருந்தது. துடைத்தது போதவில்லை, நாயின் முடி இன்னும் வீட்டில் எங்கோ ஒளிந்திருக்கிறது, டாக்டர்தான் மாதக்கணக்கு என்று சொன்னாரே என்றான். அவன் குரலில் கோபம் இல்லை; களைப்புத்தான். வெள்ளிக்கிழமை காலையில் டெஸ் ஊதியபோது முள் நூற்றைம்பத்தைந்தில் நின்றது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அவளை சோபாவில் படுக்கவைத்துவிட்டு, லிண்டல் தலையணை உறையை மாற்றப் போனாள்.

வெள்ளை உறையின் மேல் ஒரு முடி கிடந்தது.

ஜன்னலருகே எடுத்துப் போய்ப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினாள். அதற்கு அவளுக்குக் கண்கூடத் தேவையில்லை. குட்டை. நேர். கறுப்பு. நுனி கூர்மை, நடுவில் தடிப்பு, லேசான எண்ணெய்ப் பசை. இது எந்தக் காலத்திலும் வாட்டிலின் முடி இல்லை. டிக்கரின் முடி. டிக்கர் இந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை.

பிறகு பச்சை ஸ்வெட்டரை எடுத்து விரித்தாள். நெஞ்சுப் பகுதியில், சரியாக டெஸ்ஸின் முகம் புதையும் இடத்தில், கம்பளி இழைகளுக்குள் நூற்றுக்கணக்கில் குத்திட்டு நின்றன. வியாழக்கிழமை கடையில் இந்த ஸ்வெட்டருக்கு மேல் அவள் ஏப்ரன் போட்டது நனையாமலிருக்க. ஈரம் உள்ளே போகவில்லை. ஊதிய முடியும் செதிளும் கழுத்து வழியாகவும் கை வழியாகவும் தாராளமாகப் போயிருந்தன. எந்த நாய் உதிர்க்கும், எது உதிர்க்காது என்று ஊருக்கே சொல்கிறவள் கண்ணாடியில் தன்னைப் பார்க்கவில்லை.

குளிர்பெட்டி மேலிருந்து நோட்டை எடுத்தாள். பிரென்டன் தேதி மட்டும்தான் எழுதுவான், கிழமை எழுதமாட்டான். காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜூலை பதினேழு, நூற்று அறுபது. வெள்ளி. முப்பத்தொன்று, நூற்றைம்பது. வெள்ளி. ஆகஸ்ட் ஏழு, நூற்றைம்பத்தைந்து. வெள்ளி. நடுவில் ஜூலை இருபத்துநாலு மட்டும் தப்பியிருந்தது, நூற்றுத் தொண்ணூற்றைந்து. அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை அவள் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கடையை மூடிவிட்டு, வீட்டில் போர்த்திப் படுத்திருந்தாள்.

லிண்டல் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்று மூச்சு முட்டியவளை எவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்பிடித்தாள் என்பது ஞாபகம் வந்தது.

பிரென்டன் எழுந்து வந்து டீ போட்டான். வாட்டில் படுத்திருந்த மூலையை இன்னொரு தடவை துடைக்கப் போவதாகச் சொன்னான். அவள் வாயைத் திறந்தாள். 'நாய்தான்னா நாய் போகணும்.' நானாக இருந்தால்? அந்தக் கேள்விக்கு அவன் இதுவரை பதில் சொல்லவில்லை; கேட்கவேண்டிய அவசியமும் வரவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போனாள்.

நரெலிடம் மட்டும் சொன்னாள். காதுப் புண்ணுக்காக மறுபடி வந்திருந்த ஒரு ஸ்பூடுலின் காதைத் துடைத்துக்கொண்டே நரெல் முழுவதையும் கேட்டாள்.

"நீ பாட்டுக்கு இங்கயே குளிச்சிட்டுப் போ. ஸ்வெட்டரைத் தூக்கிக் குப்பைல போடு. அவ நெஞ்சு சரியாயிடும். எதுக்குப் போய் சொல்லணும்?"

"அப்ப வாட்டில்?"

"வாட்டில் சேலுக்குப் போகட்டும். பிரென்டன் நாய்தான்னு நெனைச்சிட்டுப் போறான். உன்னால ஆம்புலன்ஸ் வரைக்கும் போகப் பாத்ததுன்னு தெரிஞ்சா, லிண்டல், ஆம்பளை மனசு எப்படித் திரும்பும்னு யாருக்குத் தெரியும். இது உன் தொழில். தொழிலை விடச் சொன்னா விடுவியா?"

ஸ்பூடுல் நிமிர்ந்து இருவரையும் பார்த்தது. யார் கையிலும் தின்பண்டம் இல்லை என்று தெரிந்ததும் தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

நரெல் சொன்னதில் தப்பில்லை. மாலைவரை லிண்டல் அதையே மென்றாள். எவ்வளவு எளிது. யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு நாயைத் தவிர. ஆனால் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற முகம் குறுக்கே குறுக்கே வந்தது. தன்னால்தான் வாட்டில் போயிற்று என்று அந்தக் குழந்தை காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும். லிண்டல் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

*

அன்று கடையிலேயே குளித்து, வண்டியில் கிடந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். டெஸ் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். பிரென்டன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"கையைத் துடைச்சிட்டு வா. ஒண்ணு சொல்லணும்."

"சேலுக்கு அனுப்புறதைப் பத்தின்னா, நாளைக்கேகூட நான் ஓட்டிட்டுப் போறேன். நீ வரணும்னு இல்ல."

"வாட்டில் இல்ல. நான்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்த அந்த ஒற்றை முடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நோட்டை வைத்தாள், காலண்டரை வைத்தாள். எங்கும் நிறுத்தாமல், தன்னைக் காப்பாற்றும் ஒரு சொல்லும் சேர்க்காமல் சொல்லி முடித்தாள். பிரென்டன் விரலால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே வந்தான். இருபத்துநாலில் விரல் நின்றது.

"வாரா வாரம்," என்றான் மெல்ல. "வாரா வாரம் அவ உன்மேல சாஞ்சிட்டுக் கிடந்தா."

"ஆமா."

"எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் காலைல."

"காலைல நான் டீ போட்டுட்டிருந்தேன். மூலையைத் துடைக்கப் போறேன்னு சொன்னேன். நீ பாத்துட்டு நின்ன."

அவன் எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். தோட்டக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் நிற்காமல் ஓடியது. லிண்டல் இந்த வீட்டிலிருக்கும் தன் சாமான்களை மனதுக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். பெரிய பெட்டி ஒன்று, சின்னப் பெட்டி இரண்டு. பழைய வீட்டின் சாவி கைப்பையில்தான் இருக்கிறது. நல்லவேளை, கொடுத்துவிடவில்லை. உள்ளேயிருந்து டெஸ் எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாக மாறுகிறதா என்று அவள் காது தானாகக் கூர்ந்தது. மாறவில்லை.

கால் மணி நேரம் கழித்து பிரென்டன் வந்தான். கையில் அவனுடைய ரப்பர் பூட்ஸ், சொட்டச் சொட்ட ஈரமாக. நேற்றே கழுவி வைத்திருந்ததை மறுபடி கழுவியிருக்கிறான். அதைக் கதவுக்கு உள்ளே, செய்தித்தாள்மேல் வைத்தான்.

"ஒரு பண்ணைச் சேறு இன்னொரு பண்ணைக்குப் போச்சுன்னா மாட்டுக்கு நோய் வரும்," என்றான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே. "பதினாலு வருஷமா ஒவ்வொரு வாசல்லயும் எறங்கிக் கழுவுறேன். வேலைல சேந்த புதுசுல ஒரு தடவை மறந்துட்டேன். அந்தப் பண்ணைக்காரர் என்னை ஓட்டறதை விடச் சொல்லல. பூட்ஸைக் கழுவுடா மடையான்னு சொன்னாரு."

லிண்டல் அவனையே பார்த்தாள்.

"காலைலயே சொல்லியிருக்கணும் நீ."

"பயந்துட்டேன்."

"என் விரலைக் கடிச்ச ஷ்னூடுலைத் தூக்கிக் குளிப்பாட்டினவ நீ," என்றான் அவன். "என்கிட்ட என்ன பயம்?" பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். அவனுக்கும் அந்தக் கால் மணி நேரம் எளிதாக இருக்கவில்லை.

*

டாக்டர் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை வாட்டில் இன்னும் நரெல் வீட்டிலேயே இருந்தது. டிக்கர் மறுபடி வந்து தோளில் கால் போட்டு ஆடியது. டெஸ்ஸின் நீச்சல் பயிற்சியாளரிடம் அரை மணி கூடுதலாகக் கேட்டு வாங்கி, லிண்டல் கடையிலேயே தலைக்குக் குளித்து, வேலைத் துணிகளை மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். அன்றிரவு கதை படிக்கும்போது டெஸ் சாயவில்லை, லிண்டலும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் பொம்மை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளி காலை முள் இருநூறில் நின்றது.

சனிக்கிழமை வாட்டில் திரும்பி வந்தது. போகும்போது டெஸ்ஸின் சாக்ஸ். வரும்போது நரெலின் செருப்பு ஒன்று. அதை டெஸ்ஸின் காலடியில் வைத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றது. படுக்கையறைக் கதவு மட்டும் அதற்கு மூடியே இருக்கும் என்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் இருபத்தெட்டு. வெள்ளிக்கிழமை. நாய் வீட்டிலிருக்கிறது, நேற்று வியாழக்கிழமை முடிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்த முதல் காலை. முப்பத்தொன்றுக்கு மூன்று நாள். பிரென்டன் நோட்டைத் திறந்து பேனாவோடு நின்றான். லிண்டல் சமையலறை மேடையில் சாய்ந்து, டோஸ்ட் கருகுவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

டெஸ் ஊதினாள். நூற்று எழுபது.

பிரென்டனின் பேனா அசையவில்லை.

"சும்மா ஊதினேன்," என்றாள் டெஸ். "வாய்ல டோஸ்ட் இருந்துச்சு."

விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். நாற்காலியை விட்டு எழுந்து, காலை அகட்டி நின்று, கண்ணை இறுக மூடி மறுபடி ஊதினாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து. மூன்றாவது முறை அதே நூற்றுத் தொண்ணூற்றைந்து. போன வாரத்தைவிட ஐந்து குறைவு. பிரென்டனும் லிண்டலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஐந்துக்குக் காரணம் வாட்டிலாக இருக்கலாம். வெளியே பூக்க ஆரம்பித்திருந்த மரமாகவும் இருக்கலாம். இனி ஒவ்வொரு காலையும் இப்படித்தான் நின்று பார்க்க வேண்டியிருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது.

அவன் எண்ணை எழுதினான். பக்கத்தில், முதல்முறையாக, வெள்ளி என்றும் எழுதினான். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"தரகர் ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும்?"

"ஒம்பதுக்கு."

"போற வழியில சாவியைக் கொடுத்துட்டுப் போயிடலாம். நானும் வரேன்."

லிண்டல் கைப்பையைத் தேடினாள். அது வைத்த இடத்தில் இல்லை. கூடத்தின் நடுவில் வாட்டில் நின்றிருந்தது, பையை வாயில் கவ்வியபடி, யாருக்குக் கொடுப்பதென்று யோசித்துக்கொண்டு.